பூஜ்யம் வாங்கிய அக்கா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த மேஜையைச் செய்தது நான்தான். அதனால் வந்த வம்புக்கும் நான்தான் காரணம். வேறு யாராவது வேறு மாதிரி சொன்னால் நம்ப வேண்டாம். எங்கள் அலுவலகத்தில் கதை கட்டுவதற்கு ஆள் பஞ்சமே கிடையாது.

எங்களுடையது காப்பீட்டு நிறுவனம். மூன்றாம் மாடியில் கோப்பு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். வீடு தீப்பிடித்தது, வண்டி மோதியது என்று வரும் விண்ணப்பங்களைப் புரட்டிப் பார்த்து, உண்டு அல்லது இல்லை என்று முடிவு சொல்வது அவர்கள் வேலை. அந்த ‘இல்லை’யைக் கேட்டுக் கொதித்துப்போய்க் கூப்பிடுபவர்களிடம் போனில் திட்டு வாங்குவது நான்காம் மாடியின் வேலை. இரண்டு மாடிக்கும் நடுவில் இருபத்திரண்டே படிகள். ஆனால் அதில் ஒருவர் ஏறி நான் பார்த்ததில்லை, ஒருவர் இறங்கிப் பார்த்ததில்லை. அவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்ததெல்லாம் மின்னஞ்சலில். ‘அன்புடையீர்’ என்று தொடங்கி ஏழாவது வரியில் கழுத்தைப் பிடிக்கிற மின்னஞ்சல்கள் அவை.

இவர்களைப் பேச வைப்பதுதான் என் வேலை. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அப்படி ஒரு வேலை இருக்கிறது. பணியிட வடிவமைப்புப் பிரிவு என்று பெயர். பிரிவில் மொத்தம் இரண்டு பேர், நானும் தச்சு வேலை பார்க்கிற அண்ணனும். காதில் பென்சில் செருகாமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் அவர் பென்சில் அண்ணன்.

முதலில் எங்களுக்கு வந்த உத்தரவு, இரண்டு மாடியின் இடைவேளை அறையிலும் ஆளுயர டிஜிட்டல் திரை ஒன்று வைக்க வேண்டும் என்பது. வைத்தோம். உள்ளே நுழைந்தால், ‘வணக்கம்! இன்று புதிதாக யாருடன் பேசப் போகிறீர்கள்?’ என்று பல்லைக் காட்டும். ஒரு வாரத்தில் எல்லோரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். ஒருவர் அதன் மேல் ஈரக் குடையை மாட்டி வைத்தார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துப் பாராட்ட வேண்டும்போல இருந்தது.

பிறகு பத்து நாள் அந்த அறையின் மூலையில் உட்கார்ந்து சும்மா பார்த்தேன். வாய் ஓய்ந்திருக்கிறது, கண் போனில் இருக்கிறது. கை மட்டும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஒருத்தி காபிக் கோப்பையின் விளிம்பைக் கிழித்துக்கொண்டிருக்கிறாள். ஒருவர் பேனா மூடியைத் திறந்து மூடுகிறார். கைக்கு என்னமோ வேண்டியிருக்கிறது என்று தோன்றியது. அப்படி வந்ததுதான் அந்த மேஜை.

நின்றுகொண்டே கை வைக்கிற உயரம். மேலே எலுமிச்சம்பழ அளவில் பன்னிரண்டு மரக் குமிழ்கள். மூன்றாம் மாடியில் ஒன்று, நான்காம் மாடியில் அதே மாதிரி இன்னொன்று. இங்கே ஐந்தாம் குமிழை அமுக்கினால் அங்கே ஐந்தாம் குமிழ் மேலே எழும்பும். அங்கிருப்பவர் அதை அமுக்கினால் இங்கே உங்கள் உள்ளங்கையைத் தள்ளிக்கொண்டு எழும்பும். அடியில் மோட்டார்கள் இருந்தன. பெயர் கிடையாது, விளக்கு கிடையாது, சத்தம் கிடையாது. எதிரில் ஒரு கை இருக்கிறது, அவ்வளவுதான் தெரியும்.

முதல் நாள் ஒருவரும் கிட்டே வரவில்லை. மூன்றாம் நாள் கோப்பைக்காரி வந்தாள். இரண்டாவது வாரத்தில் வரிசை நின்றது. மூன்றாம் மாடியில் முத்திரை என்று ஒருவர் இருக்கிறார். பார்க்கிற கோப்பிலெல்லாம் ‘இல்லை’ என்று முத்திரை குத்துகிறவர், சிரித்தால் அபராதம் என்பதுபோல முகம். அவர் தினமும் பதினோரு மணிக்கு ஏழாம் குமிழோடு மல்லுக்கு நின்றார். பத்தொன்பதாம் நாள் பொறுக்க முடியாமல் இருபத்திரண்டு படியும் ஏறி, மேலே ஏழாம் குமிழில் இருப்பது யார் என்று பார்க்கப் போனார். அவர் குத்திய முத்திரைக்காக அன்று காலைதான் ஒரு மணி நேரம் திட்டு வாங்கிய பெண் அங்கே நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் மேஜைப் பக்கத்திலேயே நின்று பேசினார்கள். நான்கு மாதமாக மேலும் கீழும் அலைந்த கோப்பு பத்து நிமிடத்தில் முடிந்தது. நான் அன்றைக்கு லிஃப்டில் தனியாக ஆடினேன். அந்தக் காட்சியைக் கேமராவில் பார்த்துவிட்டுக் காவலாளி இன்றும் என்னைக் கண்டால் சிரிப்பார்.

இப்போது என் அக்கா. அவளும் நான்காம் மாடியில்தான், ஒன்பது வருடமாகப் போன் எடுக்கிறாள். நான் அவள் வீட்டில்தான் இருக்கிறேன். மாமா, அவள், பள்ளிக்கூடம் போகிற இரண்டு வாலுகள், நான், ஒரே குளியலறை. ஆனால் அவள் என் அக்கா என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளே அவள் போட்ட கட்டளை அது.

“ஆபீஸ்ல நீ யாரோ, நான் யாரோ. உன் பைத்தியக்காரத்தனத்துக்கெல்லாம் நான் பதில் சொல்ல முடியாது.”

மேஜை வந்த நாளிலிருந்து அக்கா இடைவேளை அறைக்குள் காலடி வைக்கவில்லை. பதினைந்து நிமிடமும் நடைபாதையின் கடைசியில் இருக்கிற ஜன்னல் பக்கம் போய், ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். எனக்கு ஆத்திரமாக வரும். ஊரே மெச்சுகிறது, சொந்த அக்கா எட்டிக்கூடப் பார்க்கவில்லையே என்று வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவள் அதையும் எட்டிப் பார்க்கவில்லை.

இனி என் தப்பு. குமிழ் எந்த வேகத்தில் எழும்பினால் கை மிரளாது என்று பார்க்க, ஒவ்வொரு அமுக்கலையும் நேரத்தோடு குறித்து வைக்கிற சின்னச் சில்லு ஒன்றை மேஜைக்குள் வைத்திருந்தேன். இரண்டு வாரத்தில் சோதனை முடிந்தது. சில்லைக் கழற்றியிருக்க வேண்டும். மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம், எல்லோரும் நம்புவார்கள். ஆனால் நான் மறக்கவில்லை. தினமும் சாயங்காலம் அந்த எண் ஏறுவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு வருகிற வியாதி அது. செய்த பொருளை ஆட்கள் தொடுகிறார்கள் என்று தெரிந்தால் போதாது, எத்தனை தடவை என்று தெரிந்தாக வேண்டும்.

வியாதியோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மாதாந்திர மீட்டிங்கில் அதைப் படமாகப் போட்டுக் காட்டிப் பெருமையும் பட்டுக்கொண்டேன். எதிரில் பணியாளர் பிரிவுத் தலைவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சதவீதம் என்று பெயர். நாற்பது சதவீதம் பசிக்கிறது என்றுதான் சாப்பிடப் போவார். படத்தைப் பார்த்ததும் அவர் முதுகு நிமிர்ந்தது.

“நேரம் இருக்கா இதுல?”

“இருக்கு சார், நொடி வரைக்கும்.” எப்படி இளித்துக்கொண்டு சொன்னேன் என்று நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது.

பத்து நாளில் பட்டியல் வந்தது. இடைவேளை அறைக் கதவில் யார் எப்போது கார்டு தட்டி நுழைந்தார்கள் என்ற கணக்கை எடுத்து, என் சில்லின் கணக்கோடு சேர்த்து, இருநூற்றுப் பத்துப் பேருக்கும் ‘கூடிப் பழகும் மதிப்பெண்’ போட்டுவிட்டார். முதலிடத்தில் அவரே இருந்தார். கடைசியில் பதினோரு பேர். கூடிப் பழகாதவர்களுக்கு அலுவலகம் எதற்கு, அவர்களை நிரந்தர வேலையிலிருந்து எடுத்து, வீட்டிலிருந்தபடியே அழைப்புக்கு இவ்வளவு என்ற ஒப்பந்தத்துக்கு மாற்றிவிடலாம் என்று கீழே ஒரு குறிப்பு. பதினோராவதாக, ஒரே ஒரு பூஜ்யத்தோடு, என் அக்கா.

பட்டியலைச் சதவீதமே என் கையில் கொடுத்தார். வாயைத் திறந்து, இது எதற்காக எடுத்த கணக்கு, நீங்கள் எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அன்றைக்கு நான் கோழை, அதை மறைக்கப் போவதில்லை.

சாயங்காலம் வீட்டில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

“அப்போ உன் மேஜை என்னை வேவு பாத்திருக்கு.”

“உன்னை இல்லக்கா. நீதான் கிட்டவே வரலியே. அதான் பிரச்சனை. நாளைலருந்து ஒரு பத்துத் தடவை அமுக்கு. வெறும் பத்துத் தடவை. அறைக்குள்ள போ, கார்டைத் தட்டு, அமுக்கு, வந்துடு.”

“மாட்டேன்.”

“வேலைக்கா!”

“வேலைதான். ஒன்பது வருஷமா பாக்குறேன். ஒரு நாளைக்கு எண்பது போன். எண்பது பேர் கத்துவாங்க, நான் சரிங்க, புரியுதுங்க, மன்னிச்சுக்கங்கன்னு சொல்லிட்டே இருக்கணும். அந்தப் பதினஞ்சு நிமிஷம் வாயை மூடிட்டு உக்காந்தாத்தான் மிச்ச நாளுக்கு எனக்குக் குரல் வரும். அதையும் பிடுங்கி உன் குமிழுக்குத் தாரை வார்க்கணுமா?”

“பேச வேண்டாம்க்கா, அமுக்கினா போதும்.”

“பேச வேண்டாம்னு நீ சொல்றே. எனக்கு எதிர்ல ஒரு கை இருந்தா அதுவும் பேச்சுதான்டி.”

மாமா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், “நான் வேணா லீவு போட்டுட்டு வந்து அவளுக்குப் பதிலா அமுக்கட்டுமா?” என்றார். அக்கா ஒரு தலையணை உறையை அவர் மேல் எறிந்தாள். அவர் அதை மடித்துக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

நான் வேறு திட்டம் போட்டேன். சில்லு என் கையில், கணக்கு என் கையில். நாளைக் காலை சீக்கிரம் போய், கதவில் அக்கா கார்டைத் தட்டி, அவள் பெயரில் ஒரு முந்நூறு அமுக்கல் சேர்த்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? முகத்திலேயே தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

“திருட்டுத்தனம் ஏதாவது பண்ணினே, உன்னை இந்த வீட்டுல இல்ல, இந்தத் தெருவுலயே சேர்க்க மாட்டேன். நான் அமுக்கல. அமுக்கலன்னே இருக்கட்டும்” என்றாள்.

இருந்தும் போனேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு நான்காம் மாடி அறைக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே துடைக்கிற அம்மா என் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பது என்றால் சாதாரணத் துடைப்பு இல்லை. ஈரத் துணியை இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொரு குமிழாக அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தி, பன்னிரண்டையும் நான்கு சுற்று. நான் வாயைப் பிளந்து நின்றேன்.

“என்ன கண்ணு, இவ்ளோ காலைல? இந்தக் குமிழை உள்ள அமுக்கி அமுக்கித் துடைச்சாத்தான் ஓரத்து அழுக்கு போவுது. கீழ் மாடிலயும் இதே ரோதனை. யாரு செஞ்சாங்களோ, துடைக்கிறவளை நெனைக்கவே இல்ல.”

“நான்தாம்மா செஞ்சேன்.”

“அப்படியா” என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டியதில்லை.

அவரிடம் கார்டு கிடையாது. வெளி நிறுவனத்து ஆள், காவலாளிதான் சாவி போட்டுத் திறந்து விடுகிறார். அந்த நேரத்துக்கு இந்த அறைக் கதவில் கார்டு தட்டுகிறவர் ஒரே ஒருவர். ஆறே முக்காலுக்கு வந்து காபி எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுகிற சதவீதம். வெளியே போகும்போது கார்டு தட்டத் தேவையில்லை என்பதால் கணக்குப்படி அவர் உள்ளேயேதான் இருக்கிறார். ஆக, தினமும் காலையில் விழுகிற அத்தனை அமுக்கலும் அவர் தலையில். நிறுவனத்திலேயே அதிகமாகக் கூடிப் பழகுகிற மனிதர், உண்மையில் ஒரு ஈரத் துணி. நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். விஷயத்தைச் சொன்னதும் துடைக்கிற அம்மாவும் உட்கார்ந்து சிரித்தார்.

பத்து மணிக்குப் பெரிய மேடத்தின் அறை. மொத்த நிறுவனத்துக்கும் அவர்தான் தலைமை. சதவீதமும் பட்டியலோடு இருந்தார். நான் துணிக் கதையைச் சொன்னேன். பெரிய மேடம் முதலில் புருவத்தை உயர்த்தினார், பிறகு வாயைப் பொத்திக்கொண்டார், பிறகு பொத்தியும் பிரயோஜனமில்லாமல் சிரித்துவிட்டார். சதவீதத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

“இந்தப் பட்டியலைத் தூக்கிப் போடுங்க” என்றார் மேடம்.

ஜெயித்துவிட்டேன் என்று நாற்காலியை விட்டு எழுந்தேன். அப்போதுதான் சதவீதம் தொண்டையைச் செருமினார்.

“சரி மேடம். கணக்கு தப்பு, ஒத்துக்கறேன். அப்ப சரியா எண்ணிடலாம். ஒவ்வொரு குமிழ் பக்கத்துலயும் ஒரு கார்டு ரீடர். கார்டு வெச்சாத்தான் குமிழ் நகரும். நூறு சதவீதம் சரியா இருக்கும்.”

“நல்ல யோசனை” என்று மேடம் என் பக்கம் திரும்பினார். “திங்கட்கிழமைக்குள்ள பொருத்திடுங்க.”

தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வது எப்படி என்று என்னிடம் கேளுங்கள். கணக்கு தப்பு என்று வாதாடி ஜெயித்தேன். கணக்கைச் சரி செய்துவிட்டால் என் வாதம் செத்தது. சரியாக எண்ணினாலும் அக்காவுக்குப் பூஜ்யம்தான், ஏனென்றால் அவள் நிஜமாகவே தொடவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. இந்தத் தடவை சொன்னேன்.

“மேடம், மாட்டேன்.”

“புரியல.”

“துணி அமுக்கினதை எண்ணினது தப்பில்ல மேடம். எண்ணினதே தப்பு. முதல்ல எண்ணினவ நான்தான், அதனால எனக்கு நல்லாத் தெரியும். முத்திரை சார் படி ஏறிப் போனது, அவரை யாரும் பாக்கலன்னு நெனச்சதால. மதிப்பெண் போடறோம்னு தெரிஞ்சிருந்தா ஏறியிருக்க மாட்டார். கீழயே நின்னு நாளைக்கு நூறு தடவை அமுக்கிட்டு உக்காந்திருப்பார். உங்களுக்கு நூறு கிடைக்கும், ஒரு கோப்பும் முடியாது. அப்புறம் வராதவங்க. வராம இருக்கறதுக்கும் அந்த மேஜைல இடம் இருக்கணும். இல்லன்னா அது மேஜை இல்ல, வருகைப் பதிவேடு.”

மேடம் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “உங்களால முடியாதுன்னா வேற ஆள் செய்வாங்க. மோட்டார் இருக்கு, கம்பி இருக்கு, சின்ன வேலை. யோசிச்சுக்கங்க” என்றார் மென்மையாக.

யோசித்தேன். அவர் சொன்னது உண்மை. மோட்டார் இருக்கிறவரை, மின்சாரம் போகிறவரை, யார் வேண்டுமானாலும் ஒரு மதியத்தில் எண்ணும் கருவியைச் செருகிவிடலாம். எண்ண முடியாதபடி செய்ய ஒரே வழி, உள்ளே எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் செய்வது.

சனிக்கிழமை காலை பென்சில் அண்ணனும் நானும் சைக்கிள் கடையிலிருந்து பிரேக் கம்பிச் சுருள்களோடு வந்தோம். கம்பிகளைப் பார்த்து அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்தார்.

“தங்கச்சி, இதுக்கு உத்தரவு இருக்கா?”

“இல்லண்ணே. இதுக்கு நேர் எதிரா இருக்கு.”

“அப்ப சரி. அரைகுறையா இருந்தாத்தான் எனக்குக் குழப்பம் வரும்” என்று கழற்ற ஆரம்பித்தார்.

இரண்டு அறைகளிலும் ஒரே மூலையில் தண்ணீர்க் குழாய் இறங்குகிற துளை உண்டு. மேஜைகளை அங்கே நகர்த்தினோம். மோட்டார்களையும் சில்லையும் எடுத்து ஒரு அட்டைப்பெட்டியில் போட்டோம். பன்னிரண்டு கம்பிகளைத் துளை வழியாக இறக்கி, ஒன்று இறங்கினால் மற்றது எழும்படி மேல் குமிழையும் கீழ் குமிழையும் நேராகப் பிணைத்தோம். சாயங்காலம் நான்கு மணிக்கு நான் மேலே நின்றேன், அவர் கீழே. ஏழாம் குமிழ் என் உள்ளங்கையில் எழுந்தது. மோட்டார் தள்ளியபோது அது ஒரே சீராகத் தள்ளும். இப்போது அப்படி இல்லை. அண்ணன் தயங்குவது தெரிந்தது, விரலை மாற்றுவது தெரிந்தது, தும்மியதுகூடத் தெரிந்தது. மூன்று மாதம் மோட்டாரோடு மாரடித்து எனக்குக் கிடைக்காதது சைக்கிள் பிரேக் கம்பியில் கிடைத்தது. எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

திங்கட்கிழமை இடைவேளை நேரத்தில் பெரிய மேடமும் சதவீதமும் நான்காம் மாடிக்கு வந்தார்கள். அறை நிறைய ஆள்.

“ரீடர் எங்கே?” என்றார் சதவீதம்.

“இல்ல சார். மோட்டாரும் இல்ல. வெறும் கம்பி. பெட்டியில எல்லாம் பத்திரமா இருக்கு, ஒரு திருகாணிகூடக் குறையாது.”

அவர் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். எண்ணுவதற்கு எதுவும் இல்லாத இடத்தை அப்படி ஒருவர் வெகுநேரம் பார்த்து நான் கண்டதில்லை. நிமிர்ந்தபோது கையில் என் பணிக் கோப்பு இருந்தது. வரும்போதே கொண்டு வந்திருக்கிறார்.

“மேடம், இவங்க வீட்டு விலாசமும் அந்தப் பூஜ்யம் வாங்கினவங்க விலாசமும் ஒண்ணு. அக்கா தங்கச்சி. கொள்கை எல்லாம் ஒண்ணுமில்ல. அக்கா வேலையைக் காப்பாத்தற நாடகம் இது.”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். என் காது சுட்டது. அக்காவுக்காகத்தான் ஆரம்பித்தேன், அது பொய்யில்லை. ஆனால் அதற்காக மட்டுமில்லை என்பதை எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். அதற்குள் வாசலில் குரல் கேட்டது.

“என் பேர் அடிபடுதுன்னாங்க.”

அக்கா. ஹெட்போன் கழுத்தில் கிடந்தது. யாரோ ஜன்னல் பக்கம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அறைக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்றாள்.

“ஆமா, அவ என் தங்கச்சிதான். போன வாரம் என்னை அமுக்கு அமுக்குன்னு உயிரை வாங்கினா. நான் அமுக்கல. உங்க பட்டியல்ல எல்லாரும் தப்பா இருக்கலாம். என் பூஜ்யம் மட்டும் சரி.”

“ஏன் அமுக்கலை?” என்றார் சதவீதம். “எல்லாரோடயும் பழகறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?”

“கஷ்டம்லாம் இல்ல சார். பேசறது என் வேலை. அதுக்கு நீங்க சம்பளம் தர்றீங்க, நான் ஒழுங்காப் பேசறேன். பேசாம இருக்கறது என் இடைவேளை. அதுக்கு நீங்க சம்பளம் தரல. அதனால அது என்னோடது.”

“இதை நாங்க மறுப்புன்னு எடுத்துக்கலாமா?”

“எடுத்துக்கங்க. எடுத்துக்கிட்டு எழுதிக் குடுங்க. ஒன்பது வருஷமா வேலைல ஒரு குறை இல்ல, ஆனா இடைவேளைல வாயை மூடிட்டு உக்காந்திருந்தாங்க, அதனால நிரந்தர வேலையை விட்டு எடுக்கறோம். இதே மாதிரி எழுதுங்க. கீழ கையெழுத்துப் போட்டு என் கைல குடுங்க. இங்கயே நிக்கறேன்.”

சதவீதம் பேனாவைத் திறந்தார். பெரிய மேடத்தைப் பார்த்தார். மேடம் அறையைப் பார்த்தார். கோப்பைக்காரி இருந்தாள், ஏழாம் குமிழ்ப் பெண் இருந்தாள், படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு முத்திரை நின்றார். பட்டியலின் கடைசிப் பதினோரு பேரில் மூன்று பேராவது அங்கே இருந்தார்கள், அவர்கள் அக்காவுக்குப் பின்னால் போய் வாசலில் நின்றுகொண்டார்கள். எல்லோரும் அந்தப் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு காகிதம் எழுதப்பட்டால் அன்று சாயங்காலத்துக்குள் அது எத்தனை கைக்குப் போகும் என்று மேடத்துக்குத் தெரியாமலிருக்குமா?

“வேண்டாம். மூடுங்க” என்றார் மேடம்.

சதவீதம் பேனாவை மூடினார். பதினோரு பேரின் வேலையும் அதோடு தப்பியது. அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள், வந்த வழியே திரும்பிப் போனாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையில் திட்டும் இருந்தது, பெருமையும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல சதவீதத்தாலும் முடியாது.

என் கதை அப்படி முடியவில்லை. கொடுத்த வேலையை நான் செய்யவில்லை. செய்யாததை எழுதுவதில் யாருக்கும் கூச்சம் இருக்காது. மதியம் மூன்று மணிக்கு வேலைநீக்கக் கடிதம் வந்தது. மேஜையை எடுத்துவிடும்படி பென்சில் அண்ணனுக்கும் ஒரு தாள் போனதாம். இடுப்பு பிடித்திருக்கிறது, எப்போது விடும் என்று தெரியவில்லை என்று பதில் எழுதிவிட்டார்.

சாயங்காலம் அக்காவும் நானும் முதல் தடவையாக அலுவலகத்திலிருந்து ஒன்றாக வெளியே வந்தோம். தெருவில் நடந்துகொண்டே அவள் கையை நீட்டினாள். கடிதத்தைக் கொடுத்தேன். ஒரே ஒரு வரிதான் காரணம்: ‘நிர்வாகம் இட்ட பணியைச் செய்யத் தெளிவாக மறுத்தார்.’

“தெளிவாவா?” என்றாள்.

“தெளிவாத்தான்.”

அவள் அதை மடித்து என் பைக்குள் வைத்தாள். அடுத்த வேலைக்குப் போகிற இடத்தில் முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். மழுப்பப் போவதில்லை. முதல் வேலையாக அந்தக் கடிதத்தை எடுத்து அவர்கள் மேஜை மேல் வைப்பேன்.